வண்டியை ஏன் தள்ளியே நிறுத்துகிறோம்

ரசாயன லாரி கவிழ்ந்தாலும் சரி, ஐஸ் பிளான்டில் கேஸ் கசிந்தாலும் சரி, தீயணைப்பு வண்டி வந்து நின்ற கொஞ்ச நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்கும்: "வேடிக்கை பாக்கவா வந்தீய?" தூத்துக்குடி மாவட்டத்தில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அங்கே நேரம் இருக்காது. இப்போது இருக்கிறது, சொல்கிறேன்.

வீடு பற்றி எரிந்தால் தீ எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஓடிப்போய் தண்ணீர் அடிக்கலாம். கேஸ் அப்படி இல்லை. தெரியாமல் உள்ளே ஓடுகிறவன் அங்கேயே விழுவான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுவான். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, இரண்டு பேரும் இறந்த செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இங்கேயும் அதே கதைதான். அதனால் முதல் சில நிமிடம் தள்ளி நிற்பதுதான் எங்கள் வேலை. சும்மா நிற்பதில்லை. காற்று எந்தப் பக்கம், சரக்கு என்ன, உள்ளே ஆள் இருக்கிறார்களா, இந்த மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

காற்றைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டும் என்றில்லை. கொடியில் காயும் கைலி, படகில் கட்டிய துணி, ஒரு கைப்பிடி மணல் போதும். ஆனால் கடற்கரை ஊரில் ஒரு தொல்லை உண்டு. ராத்திரி முழுக்கத் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று, காலையில் வெயில் ஏறியதும் திரும்பிக் கடலிலிருந்து ஊருக்குள் வீசும். ராத்திரி பத்திரமாக இருந்த இடம் காலையில் கேஸ் வரும் பாதையில் இருக்கும். காற்று திரும்பும் நேரத்தை மீனவர்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். நான் எப்போதும் கேட்பேன்.

சரக்கு என்ன என்பதை டேங்கர் லாரியே சொல்லும். பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும். மோட்டார் வாகன விதிகளின்படி அது இருந்தே ஆக வேண்டும். அதில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின், 1830 என்றால் கந்தக அமிலம். பக்கத்திலேயே ஒரு சின்னக் குறியீடும் இருக்கும். குளோரினுக்கு '2எக்ஸ்இ'. 2 என்றால் தண்ணீரைப் பூத்தூறலாக அடி. எக்ஸ் என்றால் உடம்பு முழுக்க மூடிக்கொண்டு போ, வழிவதைச் சாக்கடையில் விடாதே. இ என்றால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்ற வேண்டி வரலாம். இவ்வளவையும் பைனாகுலர் வைத்துத் தூரத்திலிருந்தே படித்துவிடலாம். இதைப் படிக்காமல் பைப்பைத் திருப்பினால் என்ன ஆகும்? அடர் கந்தக அமிலத்தில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும். கசிகிற குளோரின் துளையில் நேராகத் தண்ணீர் அடித்தால் அங்கே அமிலம் உண்டாகி, இரும்பை அரித்து, துளை இன்னும் பெரிதாகும்.

ஐஸ் பிளான்டில் அப்படிப் பலகை இருக்காது, ஆபரேட்டர்தான் இருப்பார். ஒரு மீன்பிடி ஊரில் விடிவதற்கு முன் அழைப்பு வந்தது. போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்க மூத்திர நெடி, கண்ணில் நீர். ஐஸ் பிளான்டில் குளிரூட்ட ஓடுகிற அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடத்தில் படித்திருப்போம். ஆனால் திரவமாகக் கசிந்தால் மைனஸ் 33 டிகிரியில் கொதித்து, குளிர்ந்த வெள்ளை மூட்டமாகத் தரையோடு தவழும். அன்றைக்கு அது கணுக்கால் உயரத்தில் வாசல் படியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நாங்கள் காற்று வீசி வருகிற பக்கமாகச் சுற்றிப் போய் வண்டியை நிறுத்தினோம். கூட்டம் கத்தியது. நான் ஆபரேட்டரைத் தேடினேன்.

வயதானவர், இருமிக்கொண்டே வந்தார். "உள்ள யாராவது இருக்காங்களா அண்ணாச்சி?" என்றேன். இருந்த நான்கு பேரின் பெயரையும் சொல்லி, ஒவ்வொருவராகக் கையைக் காட்டினார். எல்லோரும் வெளியே. அந்த ஒரு தகவல் போதும், அவசரம் பாதி குறைந்துவிடும். பிறகு ஒரு சாக்பீஸ் கொடுத்தேன். எங்கள் வண்டியின் சிவப்புக் கதவிலேயே படம் போட்டார்: வாசல், கம்ப்ரஸர், திரவ அம்மோனியா நிற்கும் ரிசீவர் டேங்க், அதன் அடியிலிருந்து போகும் பைப், அதில் கிங் வால்வு, அதாவது டேங்கிலிருந்து வருவதை அடைக்கும் முக்கிய வால்வு. கசிவு கிங் வால்வைத் தாண்டிய பக்கம், அதை மூடினால் நிற்கும். "வலப்பக்கமா சுத்தணும் தம்பி, கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்றார். அதைவிட நல்ல வரைபடத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. கரண்டை வெளியே மெயினில் நிறுத்தச் சொன்னோம். அறைக்குள் தேங்கி நிற்கும் அம்மோனியா ஒரு அளவுக்கு மேல் போனால் பற்றவும் செய்யும்.

உள்ளே போகிறவர்கள் இரண்டு பேர். அதே உடுப்பில் தயாராக வெளியே இன்னும் இரண்டு பேர். இதில் சமரசம் கிடையாது. பி.ஏ. செட்டை, அதாவது முதுகில் மாட்டும் சுவாசக் கருவியை, போட்டு அதற்கு மேல் முழுக்க மூடிய கெமிக்கல் சூட். பாலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டிய மாதிரி இருக்கும். சாதாரணத் தீயணைப்பு உடுப்பு இதற்கு உதவாது. அம்மோனியா ஈரத்தைத் தேடிப் போகிற வாயு. அக்குள், தொடையிடுக்கு என்று வேர்வை எங்கே இருக்கிறதோ அங்கே புகுந்து எரிக்கும்.

சிலிண்டரில் காற்று எவ்வளவு? 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1800 லிட்டர். வேலை செய்கிற ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் 45 நிமிடம். இது காகிதக் கணக்கு. பதற்றத்தில் மூச்சு வேகமாகும், நம் ஊர் வெக்கை வேறு. உள்ளே நடந்து போகும் நேரம், திரும்பும் நேரம், வெளியே நின்று கழுவிக்கொள்ளும் நேரம் எல்லாம் கழித்தால், வால்வில் கை வைக்க 15 நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதனால்தான் வெளியே ஒருவர் கடிகாரமும் பலகையுமாக நின்று, யார் எப்போது போனார், எத்தனை பார் இருந்தது என்று எழுதிக்கொண்டே இருப்பார். கூட்டத்துக்கு அவர் ஏதோ கணக்குப்பிள்ளை போலத் தெரிவார். உள்ளே இருக்கிறவனின் உயிர் அவர் கையில்.

மற்றவர்கள் வாசலுக்கு வெளியே ஃபாக் நாசிலில், அதாவது தண்ணீரைப் பூத்தூறலாக்கும் பைப் முனையில், தண்ணீர்த் திரை போட்டோம். அம்மோனியா தண்ணீரில் அப்படிக் கரையும், மூட்டம் கண் முன்னாலேயே அடங்கும். ஆனால் தரையில் தேங்கிய திரவத்தின் மேல் ஒரு சொட்டும் விழக்கூடாது. தண்ணீரின் சூட்டிலேயே அது பொங்கி எழும். கரைந்த தண்ணீரும் விஷம்தான், மீனுக்கு ஆகாது. கால்வாய் வாயில் மணல் மூட்டை அடுக்கி நிறுத்தினோம். வால்வு மூடியது, சத்தம் நின்றது. எல்லாம் முடிந்த மாதிரி கூட்டம் கை தட்டியது. முடியவில்லை. வெளியே வந்த இருவரையும் முகமூடியைக் கழற்ற விடாமல் தலை முதல் கால் வரை கழுவினோம். உடுப்பில் ஒட்டியிருப்பது, கழற்றும்போது மூக்கில் ஏறும். களைத்துப்போன ஆள் முதலில் செய்ய நினைப்பது முகமூடியைப் பிடுங்குவதுதான். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

குளோரின் இதைவிடப் பொல்லாதது. குடிநீர் நிலையங்களில் 900 கிலோ பிடிக்கும் டன்னர்கள், அதாவது பெரிய இரும்பு உருளைகள், கிடக்கும். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், பள்ளத்தில் இறங்கி நிற்கும். கசிவு எங்கே என்று தேட ஒரு வழி இருக்கிறது: குச்சியில் துணி சுற்றி அம்மோனியாத் தண்ணீரில் நனைத்து, டன்னரின் மேல் மெதுவாக நகர்த்தினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குபுக்கென்று வெள்ளைப் புகை வரும். ஓட்டை அடியில் இருந்தால் டன்னரை உருட்டி, ஓட்டையை மேலே கொண்டுவர வேண்டும். அடியில் இருந்தால் திரவமாக வழியும், மேலே இருந்தால் வாயுவாக மட்டும் போகும். ஒரு லிட்டர் திரவ குளோரின் 450 லிட்டருக்கும் மேல் வாயுவாகும். ஒரு உருட்டலில் ஊரே தப்பும்.

101-க்கோ 112-க்கோ நீங்கள் அழைத்தால் எங்களுக்கு வேண்டியது இதுதான்: அந்த நான்கு இலக்க எண், நெடி எப்படி, புகையின் நிறம், உள்ளே யாராவது இருக்கிறார்களா. எண்ணைப் படிக்கக் கிட்டே போகாதீர்கள். ஃபோன் கேமராவில் ஜூம் செய்யுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பாருங்கள். லாரி முழுவதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால் நீங்கள் நிற்கும் இடம் கிட்டத்தில் இருக்கிறது. காற்று வருகிற திசைக்குக் குறுக்காக நடங்கள், பள்ளமான இடத்துக்குப் போகாதீர்கள். அப்புறம், எங்கள் வண்டி வரும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று யாராவது ஒருவர் தெருமுனையில் நின்று சொல்லிவிடுங்கள்.