அத்தையின் கோட்டு

"பையனிடம் மாடு எத்தனை உருப்படி, கண்ணு?"

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஒருவரை மணக்கப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதும், காங்கயத்தில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு இதைத்தான் கேட்டார். சாதியையும் சமயத்தையும் எதிர்பார்த்து நெஞ்சு படபடக்க நின்றிருந்தவள் அழுதேவிட்டேன். என் கணவரின் ஊரில் யாரிடமும் கேட்கக் கூடாத கேள்வி அது. வங்கியில் எவ்வளவு போட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். ஆனாலும் அவர் அப்பாவிடம் எண்ணிக்கையை மறைக்காமல் சொன்னார். சமயத்தைப் பற்றிய வருத்தம் பின்னால் வந்தது. ஆறு மாதம் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. மாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

மேய்ச்சல் நிலங்களைப் பற்றிப் படிக்கத்தான் அந்த மாநிலத்தின் லிங்கன் நகரத்துக்கு வந்தேன். கொரங்காட்டில், எங்கள் பக்கத்து மேய்ச்சல் காட்டில், வளர்ந்தவள் வேறு எதைப் படிப்பாள்? கிளுவை வேலி, வெள்வேல மர நிழல், கொழுக்கட்டைப் புல், படலைத் திறந்து மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றிவிடும் அப்பா. இவைதாம் என் பால பாடம்.

மணமாகி சாண்ட்ஹில்ஸ் பகுதிக்கு வந்த முதல் நாள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரம்கூட இல்லாதது திகிலாக இருந்தது. சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் மணற்குன்றுகள் இவை. மேலே புல் போர்த்தியிருப்பதால்தான் மணல் நகராமல் கிடக்கிறது. மாடுகள் அளவுக்கு மேல் மேய்ந்து ஓரிடத்தில் புல் அற்றுப்போனால், காற்று அங்கே மணலைத் தோண்டிப் பெருங்குழியாக்கிவிடும். அப்படிப்பட்ட ஒரு குழியில், மணல் மேலும் பறக்காமலிருக்கப் பழைய டயர்களைப் போட்டு வைத்திருந்ததை, ஆறாத புண்ணைக் காட்டுவதுபோலக் கணவர் காட்டினார். அவருடைய கொள்ளுத்தாத்தா, 1904-இல் வந்த கின்கெய்டு சட்டத்தின்படி 640 ஏக்கர் பெற்றுக் குடியேறியவர். 640 ஏக்கர் என்றால் நம் ஊரில் ஜமீன். இங்கே ஒரு பசுவும் அதன் கன்றும் ஆண்டு முழுவதும் பிழைக்க 10 ஏக்கருக்கு மேல் வேண்டும். அதனால் அந்த நிலம் ஒரு குடும்பத்துக்கே போதவில்லை. உழப் பார்த்தவர்கள் பலர் தோற்று வெளியேறினார்கள். புல்லை நம்பியவர்கள் தங்கினார்கள்.

அத்தையின் சமையலறையில் புனித இசிதோர் படம் மாட்டியிருக்கிறது. மாட்ரிட்டில் கூலிக்கு ஏர் உழுத அந்த மனிதர் செபத்தில் மூழ்கியிருக்கும்போது, வானதூதர் வந்து அவருடைய எருதுகளை ஓட்டி உழுவதாகப் படம். மே 15 அவருடைய திருநாள். நுகத்தடியில் பூட்டிய அந்த இரண்டு வெள்ளை எருதுகளைப் பார்த்ததும் எனக்கு அந்த வீடு அந்நியமாகத் தோன்றவில்லை. ஞாயிறுதோறும் அவர்களோடு திருப்பலிக்குப் போகிறேன். தை மாதத்தில், பனிக்குவியலுக்கு நடுவே கொட்டகையில் பானை வைத்து, "பட்டி பெருக, பால்பானை பொங்க" என்று நான் கூவும்போது அத்தையும் வந்து நிற்கிறார். இரண்டு வேண்டுதலும் ஒன்றைத்தான் கேட்கின்றன என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

ஆனால் அக்டோபர் மாதம் கடினமானது. பால் மறக்கடித்த கன்றுகளை ஏற்றிப்போக லாரி வரும். இவை இறைச்சிக்காக வளர்க்கப்படும் கறுப்பு ஆங்கஸ் மாடுகள். தாய்ப்பசுக்கள் மூன்று இரவும் பகலும் வேலியோரம் நின்று கதறும். நான் மாட்டிறைச்சி உண்பதில்லை. இந்த வீட்டில் யாரும் அதைக் குறையாக எண்ணியதில்லை. முதல் ஆண்டு அப்பாவிடம் அழுதேன். "கண்ணபுரம் சந்தையில் நாம் விற்ற மாடுகளும் எங்கே போயின என்று நாம் கேட்டதில்லையே, கண்ணு. இருக்கிற நாளில் நன்றாக வைத்திரு" என்றார். அந்த மூன்று நாளும் விளக்கேற்றி வைக்கிறேன். மனம் அடங்குவதில்லை, ஏற்றாமல் இருக்கவும் முடிவதில்லை.

என் மகள் பிறந்தது பிப்ரவரியில், பசுக்கள் ஈனத் தொடங்கும் காலத்தில். மருத்துவமனை 80 கிலோமீட்டர் தூரம். அம்மாவால் வர இயலவில்லை. இங்கே இரவு இரண்டு மணி என்றால் காங்கயத்தில் பகல் ஒன்றரை. அலைபேசித் திரையில் அம்மா பூண்டை உரித்துக்காட்டிப் பத்தியம் சொல்லிக்கொடுத்தார். எனக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியில் தாயில்லாக் கன்றுகளுக்கென்று சீம்பால் உறைந்து கிடக்க, என் குழந்தைக்கு நான் புட்டிப்பால் கரைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் எந்தச் சாமியிடமும் பேசவில்லை.

நாற்பதாவது நாள் இரவு கடும் பனிப்புயல். கணவர் தனியாகத் திண்டாடுவது தெரிந்தது. அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டு, தம்முடைய பழைய கோட்டை எடுத்து என் தோளில் போட்டார். "இதைப் போட்டுக்கொள். மாடுகளுக்கு இதன் வாசனை தெரியும்" என்றார். இருபது ஆண்டுச் சாணமும் வைக்கோலும் ஊறிய கோட்டு அது.

கொட்டகையில் ஒரு கிடாரி தலையீற்றுக் கன்றைப் பறிகொடுத்து நின்றது. இன்னொரு பக்கம், இரட்டையில் ஒன்றாகப் பிறந்து தாய் ஏற்காத கன்று. அதன் வாய்க்குள் விரலை விட்டேன், நாக்கு சில்லிட்டிருந்தது. விளக்கு வெப்பத்தில் வைத்துத் துவாலையால் தேய்த்துத் தேய்த்து, விரலை அது சப்பும் வரை காத்திருந்தேன். அதற்குள் கணவர் இறந்த கன்றின் தோலை உரித்து, கால் நுழைய நான்கு துளையிட்டு, இந்தக் கன்றுக்குச் சட்டைபோல மாட்டிக் கயிற்றால் கட்டினார். எங்கள் ஊரில் கன்று செத்தால் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள், பால் சுரக்கட்டும் என்று. அந்த வைக்கோல் கன்றைச் சிறுவயதில் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறேன். இந்தத் தோலுக்குள் உயிருள்ள கன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

கிடாரி முதலில் முட்டித் தள்ளியது. பிறகு முதுகை முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது. அடித்தொண்டையில் ஒரு முனகல், நக்கத் தொடங்கிவிட்டது. கன்று தட்டுத்தடுமாறி மடியைக் கண்டுபிடித்தது. அது சப்பிக் குடிக்கும் சத்தம் கேட்டதும் என் மார்பு கடுத்தது. கோட்டின் உட்புறம் நனைந்தது.

பனியில் விழுந்து எழுந்து வீட்டுக்கு ஓடினேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவ வெந்நீரை ஊற்றிவிட்டு, என் கோட்டுப் பொத்தான்களை அவரே அவிழ்த்து, அழுதுகொண்டிருந்த குழந்தையை என் மடியில் கிடத்தினார்.