பழைய ஹோண்டா சிட்டிக்கு வீல் நட்டு வாங்கிய கதை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2011 மாடல் ஹோண்டா சிட்டி என்னுடையது. முந்தைய உரிமையாளர் கம்பெனி வீலை எடுத்துவிட்டு வெளியில் வாங்கிய அலாய் வீல் போட்டிருந்தார். டயர் மாற்றப் போன இடத்தில்தான் நட்டுப் பிரச்சினை தெரியவந்தது. கடைப் பையன் 19 மில்லிமீட்டர் சாக்கெட்டை வைத்தான், உள்ளே போகவில்லை. அடுத்த அளவை வைத்தால் வழுக்கியது. கடைசியில் 19-ஐயே சுத்தியலால் அடித்து ஏற்றிக் கழற்றினான்.

வெளியே வந்த நட்டின் ஆறு மூலையும் மழுங்கியிருந்தன. அது ஒரே துண்டாகச் செய்த நட்டு இல்லை. உள்ளே சாதாரண இரும்பு, மேலே பளபளப்புக்காக மெல்லிய தகட்டில் ஒரு தொப்பி. இடையில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்ததும் தகடு உப்பிவிட்டது. கடையில் சுத்தியல் இருந்தது, சரி. ராத்திரி பைபாஸில் பஞ்சர் ஆகியிருந்தால் வண்டியோடு கொடுத்த ஸ்பேனர் அதில் ஏறியிருக்காது.

எல்லா நட்டையும் கழற்றி ஒரு தட்டில் போடச் சொன்னேன். பதினாறும் ஒரே ரகம் இல்லை. சிலவற்றின் அடிப்பாகம் உருண்டையாக இருந்தது, சிலவற்றில் நேர்ச் சரிவாகக் கூம்பு போல இருந்தது. ஒரே வீலில் இரண்டு ரகமும் கலந்து கிடந்தன. "எல்லாம் ஏறுதுல்ல அண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றான் பையன். ஏறுவது மட்டும் போதுமா என்பதுதான் கேள்வி.

பதினாறையும் மாற்றிவிடலாம் என்று சென்னையில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனேன். எந்தக் கடையிலும் முதல் கேள்வி "எந்த வண்டி சார்?" என்பதுதான். வண்டி பெயரைச் சொன்னதும் ஒரு பாக்கெட் வந்து விழும். வீல் கம்பெனி வீலா, வெளி அலாயா என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. வண்டி பெயரை வைத்து மரையைத்தான் சொல்ல முடியும். நட்டின் அடிப்பாகம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை வீலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மரை எளிதான விஷயம். ஹோண்டாவில் ஸ்டட், அதாவது நட்டு ஏறும் திருகுக் கம்பி, 12 மில்லிமீட்டர் தடிமன்; பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.5 மில்லிமீட்டர். டொயோட்டா, ஹூண்டாய் கார்கள் பலவற்றிலும் இதுவேதான். மாருதியில் தடிமன் அதே 12, ஆனால் பிட்ச் 1.25. கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 1.25 நட்டை 1.5 ஸ்டட்டில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அங்கே நிறுத்தினால் தப்பித்தோம். காற்றழுத்தத்தில் நட்டைச் சுழற்றும் ஏர் கன் வைத்து அடித்தால் மரை போய்விடும், அப்புறம் ஸ்டட்டையே மாற்ற வேண்டியதுதான். அதனால் புது நட்டு எதுவானாலும் ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருப்பதில் சந்தேகம் இருந்தால் எந்த லேத் பட்டறையிலும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வைத்திருப்பவர்களுக்கு இந்த நட்டுக் கதையே கிடையாது, அவற்றில் வருவது போல்ட்.

அடிப்பாகத்துக்கு வருகிறேன். நட்டு வீலைத் தொடும் இடத்துக்கு சீட் என்று பெயர். ஹோண்டாவின் சொந்த வீல்களில் அந்த இடம் உருண்டையாகக் குழிந்திருக்கும், கம்பெனி நட்டும் அதற்கேற்ற உருண்டை. கடைக்காரர்கள் பால் சீட் என்பார்கள். வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு, அதாவது டேப்பர். சில டொயோட்டா அலாய்களில் இரண்டும் இல்லாமல் வாஷரோடு தட்டையாக உட்காரும் நட்டு வரும். உருண்டை நட்டை டேப்பர் ஓட்டையில் வைத்தால் முழுப் பரப்பும் ஒட்டாது, மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும் தொடும்.

அதனால் என்ன என்று கேட்கலாம். வண்டியின் எடையை ஸ்டட்கள் நேரடியாகத் தாங்குவதாகத்தான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக லேசாக நீள்கிறது, ஸ்பிரிங் போல இழுத்துப் பிடித்து, வீல் உட்காரும் சுழலும் பாகமான ஹப்போடு வீலை அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் வீலை அசையாமல் வைக்கிறது. தொடும் பரப்பு குறைந்தால் அலுமினியம் அந்த இடத்தில் நசுங்கும். நசுங்கியதும் அழுத்தம் குறையும், கொஞ்சம் கொஞ்சமாக நட்டு தளரும். இன்னொரு விஷயமும் உண்டு. வீலின் நடு ஓட்டைக்குள் நுழையும் சிட்டியின் ஹப் 56.1 மில்லிமீட்டர் விட்டம். வெளி அலாய்களில் பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று நடு ஓட்டையைப் பெரிதாக வைத்திருப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போடாவிட்டால் வீலை மையத்தில் நிறுத்துவதே அந்த டேப்பர் நட்டுகள்தான். தப்பான நட்டு போட்டால் வீல் இம்மி அளவு விலகி உட்காரலாம், வேகத்தில் ஸ்டியரிங் உதறும். பேலன்ஸிங் செய்து செய்து அலுத்துப்போகிறவர்கள் நட்டையும் ஒருமுறை பார்க்கலாம்.

வீலில் இருப்பது என்ன சீட் என்று கண்டுபிடிக்க நான் செய்த சோதனை இது. வீலைத் தனியாகக் கழற்றி, நட்டின் அடிப்பாகத்தில் ஒயிட்போர்டு மார்க்கர் தடவி, காய்வதற்குள் ஓட்டையில் வைத்து அழுத்தித் திருகினேன். உருண்டை நட்டு வீலில் முடி போல ஒரு கோடு மட்டும் விட்டது. கூம்பு நட்டின் மை பட்டையாகச் சுற்றிலும் ஒட்டியது. சரி, டேப்பர்தான். முன்பு உருண்டை நட்டு இருந்த ஓட்டைகளில் லேசான பள்ளக் கோடு தெரிந்தது. அலாய் ரிப்பேர் செய்பவரிடம் காட்டி, விரிசல் இல்லை, வட்டம் கெடவில்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

அடுத்தது ஸ்டெப்னி. டிக்கியில் கிடப்பது ஹோண்டாவின் சொந்த இரும்பு வீல், அதில் பால் சீட். அலாய்க்கு வாங்கும் டேப்பர் நட்டு அதற்குப் பொருந்தாது. அலாய் மாற்றியவர்களில் பலரும் இதை யோசிப்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. பழைய குவியலிலிருந்து மூலை மழுங்காத, மரை சுத்தமான கம்பெனி நட்டு நாலைப் பொறுக்கி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ஜாக்கோடு ஒரு பையில் கட்டி வைத்தேன். பைமேல் "ஸ்டெப்னிக்கு மட்டும்" என்று எழுதியும் வைத்தேன். பஞ்சர் ஆகும்போது வண்டியில் நான் இருப்பேன் என்று என்ன நிச்சயம்?

நீளத்தையும் பார்க்க வேண்டும். ஸ்டட் எவ்வளவு தடிமனோ குறைந்தது அவ்வளவு நீளமாவது மரை பிடிக்க வேண்டும் என்பது கணக்கு. 12 மில்லிமீட்டர் என்றால் 1.5 பிட்சில் எட்டு முழுச் சுற்று. நட்டு உட்காரும் இடத்தில் அலாயின் தடிமன் இரும்பு வீலைவிட அதிகம் என்பதால் இதைக் கையால் சுற்றி எண்ணிப் பார்த்தேன். ஒரு முனை மூடிய நட்டில் எதிர்ப்பக்கத் தொல்லை ஒன்று இருக்கிறது. உள் ஆழம் போதாவிட்டால் ஸ்டட்டின் நுனி உள்ளே முட்டி நின்றுவிடும். நட்டு இறுகியது போலத் தெரியும், வீல் இறுகியிருக்காது. நல்லவேளை, நான் பார்த்ததில் ஆழம் போதுமானதாக இருந்தது.

தலையும் 19 அளவாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன், வண்டியின் ஸ்பேனர் அதற்குத்தான். சிவப்பு, நீலம் என்று கலர் கலராக அலுமினிய நட்டுகளைக் காட்டினார்கள். தினசரி ஓடும் காருக்கு அது வேண்டாத வேலை. தனிச் சாவி வைத்தால் மட்டும் கழலும் லாக் நட்டும் வாங்கவில்லை. என் வண்டி கேட்டுக்குள் நிற்கிறது, சாவியைத் தொலைத்துவிட்டு நான் படும் பாடுதான் திருடன் படும் பாட்டைவிட அதிகமாக இருக்கும். தெருவில் நிறுத்துகிறவர்கள் வீலுக்கு ஒன்று போடலாம், அதிலும் மரையும் சீட்டும் பொருந்த வேண்டும். கடைசியில் தொப்பி வைக்காத, ஒரே துண்டு இரும்பில் செய்த மூடிய டேப்பர் நட்டு பதினாறு வாங்கினேன். டயருக்குக் கொடுத்த காசுக்கு முன்னால் இது சில்லறை.

மாட்டுவதற்கு முன் ஸ்டட்டையும் ஹப் முகத்தையும் பிரஷ் போட்டேன். மரையில் எண்ணெய் விடவில்லை. எண்ணெய் விட்டால் அடுத்த முறை சுலபமாகக் கழலும் என்பார்கள், வாஸ்தவம்தான். ஆனால் ஹோண்டா சொல்லும் 108 நியூட்டன் மீட்டர், அதாவது 11 கிலோகிராம்-மீட்டர் திருகு விசை, காய்ந்த மரைக்கானது. எண்ணெய் இருந்தால் அதே திருகலுக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும். ஸ்பேனர் மேல் ஏறி நிற்பதும் அப்படித்தான். 70 கிலோ ஆள் அரை மீட்டர் கம்பியின் நுனியில் நின்றால் 35 கிலோகிராம்-மீட்டர் ஆகிறது, தேவையைப் போல மூன்று மடங்கு.

வீலைத் தூக்கி நிறுத்தி நாலு நட்டையும் விரலால் ஏற்றி, எதிரெதிராக லேசாக இறுக்கி, ஜாக்கை இறக்கிய பிறகு, திருகு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சில் 108-க்கு வைத்து இறுக்கினேன். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடியதும், வீல் ஆறியிருக்கும்போது மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் ஓரிரு நட்டு கொஞ்சம் திரும்பியது, மற்றவை அசையவில்லை. இப்போது டயர் கடைக்குப் போனால் ஏர் கன்னை நட்டுக் கழற்றுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், இறுக்குவதற்கு என் ரெஞ்சை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.