ட்ரெட்நாட் கட்டும் வேலை: டரட்டுகள் ஏறிவிட்டன

பிரிட்டிஷ் கடற்படையின் 'ட்ரெட்நாட்' கப்பலைச் சிறு மாதிரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி அதன் ஐந்து டரட்டுகளையும், அதாவது பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கவசக் கூடுகளை, ஒட்டி முடித்தேன். 1:350 அளவு. நிஜக் கப்பல் 160 மீட்டருக்குச் சற்று மேல். என் மேசையில் 46 சென்டிமீட்டர்.

பசை தொடுவதற்கு முன் சும்மா வைத்துத் திருப்பிப் பார்த்தேன். நடுக்கோட்டில் மூன்று டரட், பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு 12 அங்குல பீரங்கி, ஆக மொத்தம் பத்து. எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பினால் எட்டுதான் சுட முடியும். எதிர்ப்பக்க டரட்டை நடுவில் இருக்கும் கட்டுமானம் மறைக்கிறது. ஆனாலும் அதற்கு முந்தைய பெருங்கப்பல்களில் இந்த அளவு பீரங்கி பெரும்பாலும் நான்குதான்.

குழல்கள் எட்டும் ஒரே திசையில் நின்றபோதுதான் 'பேட்டில்ஷிப்' என்ற சொல் எனக்கு உறைத்தது. 'லைன் ஆஃப் பேட்டில் ஷிப்' என்பதன் சுருக்கம் அது. பாய்மரக் காலத்தில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, எதிரிக்கு விலாவைக் காட்டிச் சுடும். அந்த வரிசையில் நின்று அடி தாங்கக்கூடிய கப்பலுக்குத்தான் அந்தப் பெயர். மரம் போய் இரும்புக் கவசம் வந்தது, சொல்லில் இருந்த 'வரிசை' உதிர்ந்துபோனது. நம் 'போர்க்கப்பல்' ரோந்துப் படகு வரைக்கும் சேர்த்துக்கொள்ளும் சொல். அதனால் இங்கே அதைத் தவிர்க்கிறேன்.

'ட்ரெட்நாட்' என்றால் எதற்கும் அஞ்சாதது என்று பொருள். அஞ்சாநெஞ்சன் என்றால் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இங்கிலாந்துக் கடற்படையில் 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்த பெயர். 1906 பிப்ரவரி 10 அன்று போர்ட்ஸ்மவுத்தில் நீரில் இறங்கிய இந்தக் கப்பலுக்குப் பிறகு அது ஓர் இனத்தின் பெயராகிவிட்டது. எந்த நாடு கட்டினாலும் 'ட்ரெட்நாட்'. அதைவிட ஆச்சரியம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய கப்பல்களுக்கும் 'முன்-ட்ரெட்நாட்' என்று பெயர் விழுந்தது. பின்னால் பிறந்தது முன்னால் பிறந்தவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறது!

முக்காலிக் கொடிமரத்தில் ஒரு மணி நேரம் போனது. முதல் புகைபோக்கிக்கு நேர் பின்னால் அதை வைக்கச் சொல்லியிருந்தது வரைபடம். அச்சுப்பிழை என்று நினைத்துப் பழைய படங்களைத் தேடினேன், நிஜத்திலும் அப்படியே. படகு தூக்கும் பாரந்தூக்கிக்குத் தோதாக மரத்தை அங்கே நட்டுவிட்டார்கள். உச்சியில் இருந்து இலக்கைக் கவனித்துச் சொல்பவர்களுக்குப் புகையும் சூடும்தான் மிச்சம். அதனால் மரத்தின் மேல்பாதியில் மட்டும் கரிப்பொடியை உலர்ந்த தூரிகையால் தட்டி ஏற்றினேன். அந்த ஒரு கறையில் கப்பலுக்கு உயிர் வந்துவிட்டது.

இனி முகப்பு. 1915 மார்ச் 18 அன்று ஜெர்மனியின் யு-29 நீர்மூழ்கியை இந்தக் கப்பல் முட்டி மூழ்கடித்தது இந்த மூக்கால்தான். ஒட்டுக்கோடு தெரியாதபடி தேய்க்க வேண்டும். 1000 நம்பர் உப்புத்தாளை நனைத்து வைத்திருக்கிறேன்.