கொல்லிமலைக்குக் காரில் போன கார்பன் சைக்கிள்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை என்று முடிவாகிவிட்டது. காரவள்ளி அடிவாரத்தில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைப் பற்றிக் கவலையில்லை, சென்னையிலிருந்து சைக்கிளைப் பத்திரமாக அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தலைவலி. என்னுடையது கார்பன் ஃப்ரேம், ஏழரைக் கிலோவுக்குள்தான் வரும். கூட வருகிற தம்பியுடையது அலாய், அதாவது அலுமினியக் கலவை. கார் சின்ன ஹேட்ச்பேக்.

தம்பியிடம் டிக்கிக் கதவில் பெல்ட் போட்டு மாட்டுகிற ரேக் ஒன்று இருக்கிறது. "அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை, ரெண்டையும் தொங்க விட்டுட்டுக் கிளம்பிடலாம்" என்கிறான். அவன் சைக்கிளுக்கு அது சரி. அந்த ரேக்கில் சைக்கிளின் மொத்த எடையும் மேல் குழாயில்தான் தொங்கும், அதையும் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். கார்பன் ஃப்ரேமில் நார்களை அடுக்குவதே ஏறி மிதிக்கிறபோது வரும் பளுவுக்காகத்தான், ஒரே இடத்தில் நசுக்கினால் தாங்குவதற்காக இல்லை. லேசான ஃப்ரேம் சிலவற்றில் மேல் குழாயைக் கட்டைவிரலால் அழுத்தினாலே கொஞ்சம் உள்ளே போய்வருவது தெரியும். மெக்கானிக்குகள் ஸ்டாண்டில் மாட்டும்போது சீட் போஸ்ட்டைப் பிடிப்பது அதனால்தான். போதாததற்கு இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் ஒன்றின் பெடல் இன்னொன்றின் ஃப்ரேமைச் சுரண்டிக்கொண்டே வரும், நம்பர் பிளேட்டும் மறையும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கூரை ரேக் பற்றி நேற்று ராத்திரி பேச்சு ஓடியது. முன் சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கை மாட்டுகிற வகையில், கார் ஆடுகிற ஆட்டமெல்லாம் ஃபோர்க்கின் நுனியில்தான் இறங்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. தூலே கம்பெனியின் அப்ரைடு மாதிரி சக்கரத்தை மட்டும் பிடித்து ஃப்ரேமைத் தொடாத ரேக் நல்ல யோசனைதான், ஆனால் வருஷத்தில் எப்போதாவது போகிற பயணத்துக்கு அந்த விலை கொடுக்க மனசில்லை. கூரையில் சைக்கிள் நிற்பதை மறந்து போர்ட்டிகோவுக்குள் காரை விடுகிறவர்கள் கதையும் எல்லா ஊரிலும் உண்டு.

ஆக, காருக்குள்ளேயே. ஏசி மெக்கானிக்கிடம் போய்த் தாமிரக் குழாய்க்குச் சுற்றுவார்களே, அந்தக் கருப்பு ஃபோம் குழாய் கொஞ்சம் வாங்கி வந்தேன். நீளவாக்கில் கீறிவிட்டால் ஃப்ரேம் குழாயில் அப்படியே கவ்விக்கொள்கிறது. பருமனான கீழ்க் குழாய்க்குப் பழைய துண்டுதான்.

பிப்ரவரி 6, வெள்ளி, இரவு

ஏற்றி முடித்தாயிற்று.

முதலில் பின் கியரைச் சின்னப் பல்லுக்குக் கொண்டுவந்து சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றியதும் லீவரைத் தட்டி, செயினைப் பல் விட்டுப் பல் மாற்றுகிற டீரெய்லரைப் பெரிய பல் பக்கம் தள்ளிவிட வேண்டும், அப்போதுதான் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் ஃப்ரேமுக்குள் ஒதுங்கும். அதைத் தாங்குகிற ஹேங்கர் வேண்டுமென்றே மெல்லிய அலுமினியத்தில் செய்தது, ஒரு பை சாய்ந்தாலே வளையும். சக்கரங்களைப் பிடித்திருக்கும் அச்சுக் கம்பிகளான த்ரூ ஆக்சில் இரண்டையும் வெறும் ஃபோர்க்கிலும் பின்பக்கத்திலும் திரும்ப முறுக்கி வைத்தேன், ஃப்ரேமின், ஃபோர்க்கின் கால்கள் உள்ளே நசுங்காது.

அப்புறம் டிஸ்க் பிரேக். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது பிரேக் லீவரை அழுத்தினால் பிரேக் பேட் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், சக்கரத்தில் இருக்கிற ரோட்டார் தட்டு மறுபடி நடுவில் நுழையாது. நடுவில் வைக்கிற பிளாஸ்டிக் ஸ்பேசர் என்னிடம் இருந்தது, தம்பியிடம் இல்லை, கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்துச் செருகினோம், கச்சிதமாக நின்றது.

பின்சீட்டை மடித்து, அடியில் அலாய் சைக்கிள், மேலே தடிமனான ஜமக்காளம், அதற்கு மேல் கார்பன், செயின் பக்கம் மேலே பார்த்தபடி. சக்கரங்கள் தனிப் பையில், ரோட்டாரில் எண்ணெய்க் கை படாமல். துணிப்பைகள் முன்சீட்டுக்குப் பின்னால் தரையில். உள்ளே வைக்கும்போது நிஜமான எதிரி காற்றடிக்கிற பம்ப்தான், இரும்பு அடிக்கட்டையோடு உருண்டு வந்து ஃப்ரேமில் மோதினால் போச்சு, அதனால் அதை என் காலடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான் தம்பி (ஓட்டுவது அவன், அதனால் காலடி என்னுடையது). கார்பன் மேல் ஒரு ஹெல்மெட்கூட ஏறக் கூடாது என்பது என் சட்டம்.

பிப்ரவரி 7, சனி

விடியுமுன் கிளம்பினோம். பரனூர், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி உளுந்தூர்பேட்டையில் சேலம் ரோடு. வேகத்தடைகளில் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன், அசையவில்லை.

ஆத்தூரில் சாப்பாடு. வெயிலில் நிறுத்தினால் கார்பன் இளகிவிடுமா என்று தம்பி கேட்டான். மூடிய காருக்குள் 60 டிகிரிகூட எட்டலாம், ஃப்ரேமில் உள்ள எபாக்ஸி பொதுவாக 100 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும், அதனால் பயமில்லை. திருட்டுப் பயம் வேறு கணக்கு. சைக்கிளை மூடிப் பழைய பெட்ஷீட் போர்த்தி, கார் கண்ணில் படுகிற மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தோம்.

ராசிபுரம் வழியாக நாமக்கல். லாட்ஜ் அறையில் மாட்டியதும் முதல் வேலையாக ஹேங்கரைப் பின்னாலிருந்து பார்த்தேன். டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களும் பல்லுக்கு நேர்கோட்டில் இருக்கிறதா, பெரிய பல்லில் போட்டால் ஸ்போக்கைத் தொடுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டேன். நாளைக்கு முதல் வளைவிலேயே அந்தப் பல் வேண்டியிருக்கும். ஹேங்கர் உள்பக்கம் வளைந்திருந்தால் டீரெய்லர் ஸ்போக்கில் மாட்டி, சக்கரம், ஹேங்கர், சில சமயம் ஃப்ரேமின் பின்பகுதி வரை ஒரே இழுப்பில் போய்விடும். சீட்டை இறக்கியிருந்ததால் டேப் அடையாளத்துக்குத் திரும்ப ஏற்றி, கிளாம்ப்பில் எழுதியிருக்கிற 5 நியூட்டன் மீட்டருக்கே இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச்சில் இறுக்கினேன். கை அளவை நம்புகிற இடமில்லை இது.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஏறினோம், இறங்கினோம். கால் பேசுகிறது. நாற்பதுக்கு மேல் எண்ணுவதையே விட்டுவிட்டேன், மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் டீ குடித்ததும்தான் உயிர் வந்தது. கியர் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை.

திரும்ப ஏற்றும்போதுதான் ஆள் அசடாகிவிடுவான். களைப்பு, பசி, "அப்படியே தூக்கிப் போடுங்கண்ணே, வீட்டுக்குத்தானே" என்று ஒரு குரல். போடவில்லை. மண் ஒட்டிய ஃப்ரேமில் ஃபோமைச் சுற்றினால் அந்த மண்ணே வழியெல்லாம் பெயின்ட்டைத் தேய்க்கும், அதனால் காரவள்ளியில் ஈரத்துணியால் துடைத்துவிட்டே சுற்றினேன். தம்பி முனகிக்கொண்டே பத்திரிகை அட்டையைத் தேடினான். கிடைக்கவில்லை. ஹோட்டல் பில்லை எட்டாக மடித்து வைத்திருக்கிறோம், நாளைக்கு அவனுக்கு ஸ்பேசர் வாங்க வேண்டும்.