திறந்த இல்ல உபசரிப்பில் விருந்தாளி விழுந்தால்: எங்கள் வீட்டுக் காப்புறுதி அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வாங்கியவர்களைக் கேட்டால், "பேங்க் லோனோடு இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். அது எந்த இன்சூரன்ஸ் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 2024 தீபாவளிக்குப் பிறகு, தெரிந்தவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கும் திறந்த இல்ல உபசரிப்பில் ஒருவர் விழுந்ததால், நாங்கள் அதை வரி வரியாகப் படிக்க நேர்ந்தது.

வேலிக்கு உள்ளே, கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி ஒரு சின்னக் கால்வாய். விழுந்தவர் என் அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்; மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கால் வைத்ததும் அதன் சிமெண்டு மூடியின் விளிம்பு பெயர்ந்துபோனது. விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஈப்போவில் அறுவை சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். கை சரியாகும்வரை வேனுக்கு ஆள் வைத்தாக வேண்டும். மருத்துவச் செலவைவிட அதுதான் பெரிய அடி.

வெறும் தீக்காப்புறுதி என்றால் தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு, அவ்வளவுதான். விருந்தாளி விழுந்ததற்கு அதில் ஒரு காசும் வராது. நல்லவேளையாக வங்கி எங்களுக்கு எடுத்திருந்தது கட்டடத்துக்கான ஹவுஸ்ஓனர் பாலிசி. வெளியாருக்கு ஏற்படும் காயத்துக்கு நாம் சட்டப்படி பொறுப்பானால், 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை தருவதாக அதில் ஒரு பகுதி இருந்தது. அதிலும் ஒரு கணக்கு உண்டு: கட்டடத்தின் உரிமையாளர் என்ற முறையில் வரும் பொறுப்புக்கு மட்டும்தான். கால்வாய் மூடி வீட்டோடு சேர்ந்தது, ஆகவே பிரச்சினையில்லை. அதே மாமா கூடாரக் கயிறு தடுக்கி விழுந்திருந்தால் அது குடியிருப்பவரின் பொறுப்பு. அதற்கு வீட்டுச் சாமான்களுக்கு எடுக்கும் ஹவுஸ்ஹோல்டர் பாலிசி வேண்டும். எங்களிடம் அது இல்லை.

ஏஜெண்டுக்குப் போன் செய்ததும் அவர் சொன்னது: "அண்ணே, நம்ம தப்புன்னு யார்கிட்டயும் ஒத்துக்காதீங்க. காசு தர்றேன்னும் வாக்கு கொடுத்துடாதீங்க." பாலிசியிலும் அப்படித்தான் இருக்கிறது. நிறுவனத்தைக் கேட்காமல் நாம் பொறுப்பேற்றுக்கொண்டால் அவர்கள் கையை விரிக்கலாம். நலம் விசாரிக்கப் போய், மாமாவின் மனைவியான அத்தையின் எதிரில் மைலோ டின்னோடு உட்கார்ந்துகொண்டு "எங்கள் தப்பு" என்ற அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தது எனக்குக் கொடுமையாக இருந்தது.

அதைவிடச் சங்கடம் அப்புறம் வந்தது. மாமா என்னிடம் இழப்பீடு கேட்டு எழுதித் தந்தால்தான் நிறுவனம் ஃபைலையே திறக்கும். வீட்டில் விழுந்தார் என்பதற்காக யாருக்கும் காசு தருகிற திட்டம் இல்லை இது. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்கப்பனோட பக்கத்து நிரையில மரம் வெட்டுனவன்டா நான். உன் மேல கேஸ் போடச் சொல்றியா?"

இது கோர்ட்டுக்குப் போகிற கடிதம் இல்லை என்று ஏஜெண்டு வந்து சொல்லியும் அவர் அசையவில்லை. கடைசியில் அத்தைதான், "கம்பெனி காசுதானேங்க, தம்பி காசா?" என்று முடித்துவைத்தார். அவர்கள் மகன் மலாயில் எழுதித் தந்த கடிதத்தை, பதில் எதுவும் போடாமல் அப்படியே அனுப்பினேன். அதுவும் பாலிசியின் நிபந்தனை.

சேதத்தை விசாரித்து மதிப்பிட நிறுவனம் அனுப்பும் அட்ஜஸ்டர் வந்தபோது மூடியின் உடைந்த ஓரத்தில் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மூடியை மாற்றாமல் கயிறு கட்டி வைத்திருந்தோம். அவர் வேலியிலிருந்து மூடிவரை டேப் பிடித்து அளந்தார். சாலையோரக் கால்வாயாக இருந்தால் அது நகராண்மைக் கழகத்தின் விவகாரமாம். பிறகு, "அவர் உங்களுக்கு என்ன உறவு?" என்றார். குடும்பத்தார், ஒரே வீட்டில் இருப்பவர், நம்மிடம் வேலை செய்பவர் என்றால் இந்தப் பகுதியில் இடமில்லை. ரத்த சொந்தம் இல்லை, தோட்டத்துப் பழக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குடித்திருந்தாரா என்றும் கேட்டார். விழுந்தவர் பங்குக்குக் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். "ஒரு பீர்" என்று மாமா மறைக்காமல் சொல்லிவிட்டார்.

வருமானத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். வேன் கட்டணத்தைப் பெற்றோர் ரொக்கமாகத்தான் கொடுப்பார்கள், ரசீது ஏது? மாமா எண்ணெய்க் கறை படிந்த 555 நோட்டை (சின்னக் கணக்குப் புத்தகம்) நீட்டினார். பிள்ளைகளின் பெயர், மாதம், பக்கத்தில் ஒரு டிக். அட்ஜஸ்டர் ஒரு பக்கம் விடாமல் படமெடுத்துக்கொண்டார். மாற்று ஓட்டுநருக்குக் கொடுத்த சம்பளத்துக்கு அவரிடமே கையெழுத்து வாங்கி வைத்திருந்ததும், மருத்துவமனை பில்களும் உதவின.

கேட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் ஆள் வைத்த செலவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. இனி இது குறித்து எதுவும் கேட்கமாட்டேன் என்ற படிவத்தில் மாமா கையெழுத்திட்ட பிறகு பணம் அவர் பெயருக்கே போனது. கை இன்னும் முழுதாக மடங்காத நிலையில் கையெழுத்துப் போடலாமா என்று மருத்துவரைக் கேட்கச் சொன்னேன்; கேட்டுவிட்டுத்தான் போட்டார்.

பாலிசியைப் புதுப்பிக்கும்போது ஹவுஸ்ஹோல்டரையும் சேர்த்துக்கொண்டேன். அடுத்த உபசரிப்புக்குச் சாலையில் கூடாரம் போடுவதாக இருந்தால், நகராண்மைக் கழக அனுமதியோடு ஏஜெண்டையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். வேலிக்கு வெளியே நடப்பது இந்தப் பாலிசிக்குள் வருமா என்பது தனிக் கேள்வி.