தெரியாத பாட்டுக்கு நின்ற கூட்டம்

ஜூன் 21 அன்று பாரிஸில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடச் சொன்னது நண்பன்தான். புதுச்சேரிக்காரன், 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம், இப்போது அங்கேயே வேலை. "மியூசியம் எங்கேயும் ஓடிடாது மச்சி, ஃபெத் த லா முசிக் வருஷத்துக்கு ஒரு ராத்திரிதான்" என்றான். ஜாக் லாங் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது 1982-ல் தொடங்கிய தெரு இசைத் திருவிழா அது. வீட்டு மூலையில் கிடாரோ டிரம்பெட்டோ வைத்துக்கொண்டு கூச்சப்பட்டுக் கிடக்கிறவர்களைத் தெருவுக்கு இழுத்து வருவதுதான் யோசனை. அதனால் கேட்பவர்களுக்கு டிக்கெட் கிடையாது, வாசிப்பவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. வருடத்திலேயே நீண்ட பகல் வேறு, இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது.

முதலில் லா ஷப்பல் போய் வயிற்றைக் கவனித்தோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. கொத்து ரொட்டி கட்டிக்கொண்டிருந்த கடைக்கார அண்ணா, நாங்கள் எங்கே போகிறோம் என்று கேட்டுவிட்டு, "வடிவாச் சாப்பிட்டுப் போங்கோ, அங்கால பியரைத் தவிர ஒண்டும் இல்லை" என்றார்.

அங்கிருந்து 2-ம் எண் மெட்ரோ தலைக்கு மேலே பாலத்தில் ஓடும், அதன் அடியிலேயே நடந்து ஸ்டாலின்கிராட், ஜோரெஸ் தாண்டினால் சான் மார்த்தான் கால்வாய் வந்துவிடும். 1825-ல் திறந்தது, நாலரை கிலோமீட்டர் நீளம், மேலே வளைந்து நிற்கும் இரும்பு நடைபாலங்கள், படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகள். கரை முழுக்க ஜனங்கள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பதடிக்கு ஒரு குழு, ஒன்றின் சத்தம் இன்னொன்றில் கலந்து காது குழம்பிப்போகிறது. பாதிக்கு மேல் எல்லோருக்கும் மனப்பாடமான பழைய ராக் பாட்டுகள். குறை சொல்லவில்லை, நம்மூர்க் கோவில் திருவிழாவில் மெல்லிசைக் குழு சொந்த மெட்டு ஒன்றை எடுத்துவிட்டால் "தெரிஞ்ச பாட்டா போடுப்பா" என்று பின்னாலிருந்து குரல் வராதா என்ன.

அதனால்தான் வினெக்ரியே தெரு வந்து முட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் தன் பாட்டை மட்டுமே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டு நின்றோம். இருபத்துச் சொச்சம் வயது, பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கர், ஒரு கிடார், எதிரே பத்துப் பதினைந்து பேர். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, நண்பன் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் அம்மாவைப் பற்றிய பாட்டு: அம்மா வீட்டுக்கு வந்து தூங்கினாலும் கனவில் அந்த 'பீப்' சத்தம் நிற்பதில்லை, மகள் முத்தம் கொடுத்தாலும் கை பார்கோடு தேடுகிறது. அந்த 'பீப்'பை கிடாரின் மெல்லிய தந்தியில் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தட்டி எடுத்தார். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள், கடைசிச் சரணத்தில் அதே சத்தம் வந்தபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரை பாரில் டிஜே ஆரம்பித்துவிட்டார், தரை அதிர்கிற பேஸ். போச்சு, பாடுகிற பெண் மூட்டை கட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, அந்தத் தாளத்தையே பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தொடங்கினார். மெதுவாகப் போக வேண்டிய பாட்டு என்பது வார்த்தைகளை அவசரமாக விழுங்கியதிலேயே தெரிந்தது, ஆனாலும் கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது, கைதட்டு சேர்ந்துகொண்டது, நடந்து போனவர்களும் நின்றார்கள். நடுவில் டிஜே வேகத்தை மாற்ற, இவர் பாதி வரியில் நிறுத்தி ஏதோ சொன்னார், ஒரே சிரிப்பு. "அண்ணன் மாத்திட்டாரு, நானும் மாத்துறேன்ங்கிறாங்க" என்றான் நண்பன், 'அண்ணன்' அவன் சேர்த்தது.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். அடுத்து வந்த மழைப் பாட்டில் உவமை மேல் உவமை, நண்பன் மொழிபெயர்ப்பதையே கைவிட்டான், உச்சத்தில் குரலும் மெலிந்து போனது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் பிரபலமான பாட்டு ஒன்றைக் கேட்டபோது, சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, மறுபடி அம்மா பாட்டையே எடுத்தார் பாருங்கள், அந்தத் திமிர் பிடித்திருந்தது. இப்போது நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள், நாலைந்து பேர் 'பீப்' இடத்தில் வாயாலேயே சேர்ந்துகொண்டார்கள்.

முடிந்ததும் காசு போடத் தொப்பியைத் தேடினால் தொப்பியே இல்லை. இன்றைக்கு வாங்கமாட்டேன், பெல்வில் பக்கம் ஒரு பாரில் பாடுகிறேன், அங்கே வாருங்கள் என்றார். பாட்டு எழுதுகிறவர்களுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தரும் சாசெம் சங்கத்தில் இப்போதுதான் உறுப்பினரானாராம். அந்தச் சங்கம் பிறந்த கதையை நண்பன் வழியில் சொன்னான். 1847-ல் எர்னெஸ்ட் பூர்ஜே என்ற பாட்டாசிரியர் ஷான்செலிசே சாலைப் பக்கத்து கஃபே ஒன்றில் தன் பாட்டை வாசிப்பதைக் கேட்டு, "என் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் பானத்துக்கு நான் தரமாட்டேன்" என்கிற கணக்கில் சண்டை போட்டாராம். வழக்கு நீதிமன்றம் போய் அவர் பக்கம் தீர்ப்பாகி, 1851-ல் சங்கமே உருவாகிவிட்டது. குடித்த பில்லில் தொடங்கிய சங்கம்!

போகிறவர்களுக்கு: பெரிய மேடைகளை விட்டுவிடுங்கள், கால்வாய்க் கரையும் சந்துகளும்தான் சுவாரஸ்யம். ரிபப்ளிக் சதுக்கம் பக்கம் பத்து மணிக்கு மேல் நகரவே முடியாது. அப்புறம், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள், பியர் குடிக்காத எனக்கே அன்றிரவு அதற்கு அரை மணி நேர வரிசை.