கண் படலத்துக்குப் பாலிமர் தேடி அலைந்த கதை

பி.ஃபார்ம் எட்டாவது செமஸ்டர் புராஜெக்ட்டாக நான் செய்தது சிப்ரோஃப்ளாக்சசின் கண் படலம், அதாவது அந்த ஆன்டிபயாட்டிக் மருந்தைப் பாலிமரில் (படலமாகக் காயும் நீண்ட சங்கிலி மூலக்கூறுப் பொருள்) கலந்து செய்த, கண்ணுக்குள் வைக்கும் மெல்லிய தாள். இதே தலைப்பை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் கண்ணைக் கணக்கில் எடுங்கள். கண்ணில் நிற்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். சொட்டு மருந்தின் ஒரு துளியோ 50 வரை இருக்கும். பெரும்பகுதி கன்னத்தில் வழியும், இல்லையென்றால் மூக்குக்குள் இறங்கிவிடும். அதனால்தான் கீழிமைக்குள் படலம் வைக்கிறோம். அப்போ மருந்து எத்தனை மணி நேரம் வர வேண்டும், படலம் தானாகக் கரைய வேண்டுமா, பிறகு வெளியே எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பாலிமர் பக்கம் போக வேண்டும்.

நான் அப்படிச் செய்யவில்லை. சீனியர் எச்.பி.எம்.சி. (செல்லுலோஸிலிருந்து வரும் ஒரு பாலிமர்) போட்டார் என்று சென்னை நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு கெமிக்கல் கடையில் எச்.பி.எம்.சி. என்று மட்டும் கேட்டேன். கொடுத்தது கே4எம் என்ற கெட்டியான ரகம். கரைசல் பசையாக நின்றது, ஊற்றிய தட்டு முழுக்கக் காற்றுக்குமிழி. படலத்துக்கு ஈ15 போல இளகலான ரகம்தான் வசதி. ரகத்தின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

கரைப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. பச்சைத் தண்ணீரில் பொடியைக் கொட்டினால் கூழில் கேழ்வரகு மாவு கட்டி தட்டுவதுபோல ஆகிவிடும்: வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த பொடி. தேவையான தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை வெந்நீராக எடுத்து, அதில் பொடியைத் தூவிக் கலக்கி, அப்புறம் மீதியைக் குளிர்ந்த நீராகச் சேர்த்தால் தெளிவாகக் கரையும். பி.வி.ஏ. என்ற இன்னொரு பாலிமர் இதற்கு நேர்மாறு, சூடு இல்லாமல் கரையாது.

எங்களைக் கடைசிவரை படுத்தியது வடசென்னையின் கடல்காற்று. பி.வி.பி. என்ற பாலிமர் கலந்த படலம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாலையில் மொறுமொறுவென்று உரித்தது காலையில் பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கிடந்தது. பி.வி.பி.யைக் குறைத்து, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கண்ணாடிப் பாத்திரம்) ஈரத்தை உறிஞ்சக் கால்சியம் குளோரைடு போட்டு வைத்த பிறகுதான் சரியானது. படலம் வளைந்துகொடுக்கச் சேர்க்கும் பெக் 400-ஐயும் அளந்து சேருங்கள். குறைந்தால் மடிக்கும்போதே முறியும், கூடினால் பிசுபிசுக்கும்.

கைட்டோசான் என்ற பாலிமரை நான் தொடவில்லை. அசிட்டிக் அமிலத்தில் கரைப்பதால் படலத்தில் புளிப்பு தங்கும், கண்ணீரின் பி.எச். சுமார் 7.4, எரிச்சல் வரும். நீண்ட நேரம் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையாத எத்தில் செல்லுலோஸை இரு பக்கமும் உறையாக இடலாம், ஆனால் வேலை முடிந்ததும் அதை வெளியே எடுக்க வேண்டும். 1970களில் வந்த ஆக்குசெர்ட் என்ற கண் படலமும் இந்த வழிதான்: நடுவில் பைலோகார்பைன் என்ற கண் அழுத்த மருந்தும் அல்ஜினேட் என்ற கடற்பாசிப் பாலிமரும், இரு பக்கமும் கரையாத சவ்வு, 7 நாள் மருந்து.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வந்த கேள்வி, "அல்ஜினேட்டை ஏன் விட்டீங்க?" அதை இறுக்கக் கால்சியம் வேண்டும், சிப்ரோஃப்ளாக்சசின் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும், அதனால்தான் என்றேன். கால்சியத்தில் இறுக்கிய அல்ஜினேட்தான் வேண்டும் என்பவர்கள் மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள்.